உறைந்த ஆறு

நாகர்கோவிலில் குளச்சல் பேருந்து இன்னும் கிளம்பவில்லை. மத்தியான வெயிலில் ஐரோப்பியப் பயணப் புத்தகம் ஒன்றைப் படிக்கிறேன். பக்கத்து இருக்கையில் காலி மீன்சட்டியோடு இருக்கும் மீன்காரம்மா, உறைந்த ஆற்றின் படத்தைக் கண்டதும் குனிகிறாள்.

"மக்கா, எனக்க மவ ஜெர்மனில நர்ஸ் படிக்கா. ஆத்துமேல நடக்கேன்னு இப்பம்தான் போட்டோ அனுப்பினா. கீழ தண்ணி ஓடும்லா?"

"கெட்டியா உறைஞ்சிருக்கும்மா. எல்லாரும் நடப்பாங்களாம்."

"அவளுக்க அப்பனைக் கடலு கொண்டுபோச்சு. தண்ணிமேல நிக்கப்பிடாதுன்னுதான் இவள படிக்க வச்சேன்."

செல்போனை நீட்டுகிறாள். போட்டோவில் மகள் சிரிக்கிறாள். காலடியில் பனிமேல் கறுப்பாய் ஒரு கோடு.

பக்கத்தைப் புரட்டுகிறேன். குளிர் குறையும்போது பனி உடையும், முதலில் மெல்லிய கோடுதான் தெரியும் என்கிறது புத்தகம்.

"என்ன மக்கா எழுதியிருக்கு?"

புத்தகத்தை மூடுகிறேன்.

"அவளுக்கு இப்பவே போன் போடுங்கம்மா."