வளையம் நீட்டியவர்

நம்பாதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இது நடந்தது. 1964இல், திருகோணமலைப் பக்கத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

ஸுல்பிகாவின் புருசன் அபூதாஹிர் ரயில் ட்றைவர். கப்பல்துறைக்கு அங்கால் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்டேசனில், மாஸ்டர் ஒரு வளையத்தை நீட்டுவார். அதைக் கையில் வாங்கினால்தான் ரயில் மேலே போகலாம், ஒற்றைப் பாதையல்லவா. அன்று அபூதாஹிர் வளையம் வாங்காமலே போனார் என்பதுதான் வழக்கு. வளையம் பெட்டிக்குள் இருக்கிறது, ரயில் வராது என்று நம்பிப் பாதை வேலை செய்துகொண்டிருந்த தங்கரத்தினம் என்ற தொழிலாளி, ரயில் சில்லுக்குள் அகப்பட்டுச் செத்துப்போனார். அபூதாஹிரைப் பிடித்து மறியலில் அடைத்துவிட்டார்கள். "வாங்கினனான்" என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னார். வளையமோ ஸ்டேசன் பெட்டிக்குள் பூட்டியபடியே கிடந்தது. பிறகு யார் நம்புவார்?

விசாரணைக்கு முதல் நாள் காலை தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. விபத்து நடந்த அன்று அந்த ஸ்டேசனில் ரயிலைப் படம் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரர், ட்றைவருக்கு முன்பே வாக்குக் கொடுத்தபடி, படங்களைச் சீமையில் கழுவி அனுப்பியிருந்தார். மூன்று கலர்ப் படங்கள். ஸுல்பிகா கலர்ப் படம் கண்டவளே இல்லை. குசினி வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

முதலாவதில் ரயில் வருகிறது. மேடையில் ஈ காக்கை இல்லை.

இரண்டாவதில்... அபூதாஹிரின் கை வெளியே நீண்டிருக்கிறது. கீழே ஒருவர் வளையத்தை உயர்த்திக் கொடுக்கிறார்! பின்னால் ஸ்டேசன் மணிக்கூடு பத்து நாற்பது. விபத்துக்குச் சற்று முன்.

"யா அல்லாஹ்! என்ட மனிசன் பொய் சொல்லல்லயே!"

அழுதாள், சிரித்தாள். கொடுப்பவர் மாஸ்டர் இல்லை. கத்தரிப்பூ நிறச் சட்டை. தாடையைச் சுற்றி ஒரு துணிக்கட்டு. பாவம், பல்வலியாக்கும் என்று நினைத்தாள். யாராக இருந்தால் என்ன, சாட்சி கிடைத்துவிட்டதே. மூன்றாவதைச் சரியாகப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் பஸ் பிடித்து ஸ்டேசனுக்கு ஓடினாள்.

மாஸ்டர் குணரத்தினம் படங்களை வாங்கினார். பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவர் ஆர் ஐயா? சொல்லுங்க. நாளைக்கு விசாரணை!"

"என்னால ஏலாது, தங்கச்சி. செத்துப்போன தங்கரத்தினத்தின்ட மனுசியிட்டக் காட்டுங்கோ. பக்கத்து லைன் வீட்டிலதான் இருக்கிறா."

தங்கரத்தினத்தின் மனைவி கமலாதேவி வெள்ளைச் சேலையோடு வாசலுக்கு வந்தாள். இவளுடைய தாலியை அறுத்தவன் என்றுதானே ஊர் அபூதாஹிரைத் திட்டுகிறது. ஸுல்பிகா படங்களை மட்டும் நீட்டினாள்.

டக்... டக்... எங்கோ பாதையில் சுத்தியல் சத்தம்.

கமலாதேவி மூன்றாவது படத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ஸுல்பிகாவும் எட்டிப் பார்த்தாள்.

ரயில் போய்விட்டது. அந்த மனிதர் படம் எடுப்பவரையே பார்த்தபடி நிற்கிறார். வெறுங்கால். இரண்டு பெருவிரல்களும்... சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மையித்துக்கு, செத்த உடம்புக்குக் கட்டுவார்களே, அப்படி.



"இது எங்கட அவர்," என்றாள் கமலாதேவி.

"அவர் அப்ப... ரெண்டு மைலுக்கு அங்கால வேலையில எல்லோ..."

"ஓம்."

சுத்தியல் சத்தம் நின்றது.

"அக்கா, நாளைக்கு வந்து இவர்தான் எண்டு சொல்லுங்க. உங்கட காலைப் பிடிக்கிறன். எனக்கு வேற வழி இல்ல!"

"வந்து என்னத்தைச் சொல்ல?" கமலாதேவி படத்திலிருந்த சட்டையின் மேல் விரலை வைத்தாள். "இப்பிடி ஒரு சட்டை அவரிட்ட இருக்கேல்ல, தங்கச்சி. வெள்ளை கிடைக்கேல்லையெண்டு என்ட தம்பி, அவர் செத்த அண்டைக்குப் பின்னேரம் டவுணில வாங்கி வந்தது... பிரேதத்துக்குப் போட."