ஒருவேளை அக்கா

அக்கா வேனில் ஏறுவதற்கு முன் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். முன் சக்கரத்தைச் செருப்புக் காலால் லேசாகத் தட்டுவார். பின்னால் போய், கதவின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் முன்னிருக்கையில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாம் தம்பி" என்பார். விமானத்துக்கு அனுமதி கொடுக்கிறவரைப் போல அத்தனை நிதானம்.

நான் சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுநர். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றி வந்து, வெளுத்துத் தேய்த்த துணிகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவர் அங்கே துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறார். மாலையில் நான் கடைசியாகப் போகும் ஓட்டலுக்கு அடுத்த தெருவில்தான் அவருடைய வகுப்பு. வேலையிடப் பாதுகாப்பும் இடர் மேலாண்மையும் என்று பாடத்தின் பெயர். அந்தப் பெயரை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகு "நம்ம ரிஸ்க் கிளாஸ்" என்று சுருக்கிக்கொண்டார்.

சலவைக்கூடத்தில் அவருக்கு 'ஒருவேளை அக்கா' என்று பெயர். "ஒருவேளை இந்த டிராலி தானா உருண்டுச்சுன்னா?" "ஒருவேளை கரண்ட் போனப்ப இந்தக் கதவு திறக்கலன்னா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார். அவர் வருவது தெரிந்தாலே வழியில் நீட்டியிருக்கும் கால்கள் மடங்கிக்கொள்ளும். பட்டப்பெயர் அவர் காதுக்கும் போய்விட்டது. கோபம் வரவில்லை. "கூப்பிடட்டும் தம்பி. அப்படியாவது அந்த வார்த்தை அவங்க வாயில வருதுல்ல" என்றார்.

அவர் படிக்கப் போனதே ஒரு டியூப் லைட்டால்தான். வேலையிடங்களில் ஒருவராவது பாதுகாப்புப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து, "யாரு போறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா மட்டும் தலையை நிமிர்த்தியிருந்தார். மேலே ஒரு டியூப் லைட் ஒற்றைக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது; அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டு, "சரி, நீங்க போங்க. ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க, சுவத்துல மாட்டிடலாம்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

சர்டிபிகேட்டுக்காகப் போனவர் பாடத்தில் விழுந்துவிட்டார். வகுப்பில் வெல்டர்கள், கிடங்குக்காரர்கள், உட்கார்ந்ததும் தூங்கிவிடும் ஒரு ஓட்டல் சமையல்காரர். எல்லோரையும்விட மூத்தவர் அக்காதான். பாடம் நடத்தும் டீச்சருக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்பார். மறுநாள் அந்தப் பாடம் முழுவதும் என் வேனில் ஒருமுறை நடக்கும்.

"ஆபத்து வேற, ரிஸ்க் வேற தம்பி. அடுப்புல தண்ணி கொதிக்குதுன்னா அது ஆபத்து. நீங்க அந்த அடுப்பு மேல சாஞ்சுக்கிட்டு போன்ல சிரிச்சுப் பேசிட்டு இருந்தீங்கன்னா, அதுதான் ரிஸ்க்கு."

"நான் எங்கக்கா சாஞ்சேன்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தா எவ்வளவு அடி. ரெண்டையும் பெருக்கணும். வர்ற கணக்கைப் பாத்து கலரு. பச்சைன்னா போகலாம். மஞ்சள்னா யோசிக்கணும். சிவப்புன்னா நிறுத்தணும்."

ஒரு கையில் பன்னைக் கடித்துக்கொண்டே நான் வளைவில் திரும்பினேன். "மஞ்சள்" என்றார். போன் அடித்தது. என் கை அதன் பக்கம் போவதற்குள் "சிவப்பு" என்றார். போன் அடித்து ஓய்ந்தது.

தடுக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டாம். "மொதல்ல ஆபத்தையே தூக்கிடணும். முடியலன்னா வேற ஒண்ணை மாத்தி வைக்கணும். அதுவும் முடியலன்னா குறுக்க ஒரு தடுப்பு. அப்புறம் ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். கையுறை, மூக்குத்துணி எல்லாம் கடைசி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம முதலாளிக்குக் கடைசிதான் மொதல்ல வரும்."

வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. கணவர் முடிதிருத்துபவர், முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடைக்கான துண்டுகளைக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. அடுப்பின் மேலிருந்த வாணலிக் கைப்பிடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. கட்டிலுக்கு மேலிருந்த பலகையில் ஒரு சாமானும் இல்லை.

"கல்யாணம் ஆனதுலேருந்து அந்தப் பலகைக்குக் கீழதான் படுக்கிறேன்" என்றார் கணவர், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே. "இவ படிச்சதும் அது என்னைக் கொல்லப் பாக்குதாம். ஏம்மா, ஊர்க்காரங்க கழுத்துல கத்தி வைக்கிறவன் நான். எனக்கு என்ன கலரு?"

அக்கா கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொண்டார். "பேசாம பண்ணீங்கன்னா பச்சை. பேசிக்கிட்டே பண்ணா மஞ்சள்."

"சிரிச்சுக்கிட்டே பண்ணா?"

அக்கா நாற்காலியில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் மெதுவாகத் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டார்.

இப்படி எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ரோலர் விவகாரம் வரும்வரை.

ரோலர் என்பது எங்கள் கூடத்தின் நடுவில் கிடக்கும் பெரிய இயந்திரம். என் வேனைவிட நீளமான, கொதிக்கிற உருளை. ஒரு பக்கம் ஈரமான பெட்ஷீட்டை ஊட்டினால், மறுபக்கம் காய்ந்து, தகடு போலத் தேய்ந்து வெளியே வரும். ஊட்டுகிறவர்களில் கெட்டிக்காரி அக்காவின் நாத்தனார், கணவருக்குத் தங்கை. அதே வீட்டின் மாடியில் இருக்கிறார். அக்காவுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே அவர்தான். சீட்டுக்கட்டைப் பங்கிடுகிற லாகவத்தில் பெட்ஷீட்டுகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பார். அந்தக் கைகளைப் பார்ப்பதற்காகவே நான் சில நேரம் மூட்டையை மெதுவாக இறக்குவேன்.

ரோலரின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. விரல் உள்ளே போகப் பார்த்தால் அந்தக் கம்பியில் படும். பட்டதும் ரோலர் நின்றுவிடும். எங்கள் ரோலரில் அந்தக் கம்பியை ஒரு பழைய தலையணை உறைக் கிழிசலால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. துணியில் ஒரு சுருக்கம் வந்தாலும் கம்பியில் பட்டு ரோலர் நிற்கும். நின்றால் உள்ளே மாட்டிய துணி பழுப்பேறிப் பாழாகும். வேலை ஓட வேண்டுமே என்று நாத்தனார் என்றோ கட்டியது. முதலாளிக்கும் தெரியும். எல்லோரும் பார்த்துப் பார்த்து, அது யார் கண்ணிலும் படாமலே போயிருந்தது.

படிப்பின் கடைசிப் பகுதியாக, தன் வேலையிடத்திலிருந்து ஒரு ஆபத்தை எடுத்து, கணக்குப் போட்டு, அதைச் சரிசெய்தும் காட்ட வேண்டும். டீச்சர் நேரில் வந்து பார்ப்பார்.

"ஈரத் தரைய எடுத்துக்கிட்டா யாருக்கும் கோவம் வராது தம்பி" என்றார் அக்கா.

"அப்ப அதையே எடுத்துக்குங்கக்கா."

சிக்னலில் வேன் நின்றதும் என் பக்கம் திரும்பினார். "கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஈரத் தரை மஞ்சள்தான். அந்தக் கம்பி சிவப்பு. சிவப்பைத் தாண்டிப் போய் மஞ்சளைத் தொட்டேன்னா, எதுக்கு இந்தப் படிப்பு?"

மறுநாள் காலை நேராகப் போய்க் கட்டை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ரோலர் ஓடும், நிற்கும். ஓடும், நிற்கும். பெட்ஷீட்டுகள் மலையாகக் குவிந்தன. நான் காலி வேனோடு வாசலில் நின்றேன். துணி எங்கே என்று ஓட்டல்காரர்கள் முதலாளியைப் பிடித்தார்கள். அவர் இறங்கி வந்தார்.

"எத்தனை வருஷமா ஓடுது. யாருக்காவது ஒண்ணு ஆச்சா?"

நாத்தனார் கிழிசலை எடுத்து, எல்லோர் முன்னாலும் கம்பியைத் திரும்பத் தூக்கிக் கட்டினார். இரட்டை முடிச்சு. "என் கை எங்க போகும், எங்க போகாதுன்னு எனக்குத் தெரியும் அண்ணி. உங்க படிப்புக்கு என் கைதான் கெடைச்சுதா?"

அன்றோடு பேச்சு நின்றுபோனது. மாடியிலிருந்து நாத்தனார் கீழே சாப்பிட வருவதும் நின்றுபோனது. துண்டு கொடுக்கப் போனால் கணவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: "இந்தப் பக்கம் பொண்டாட்டி, அந்தப் பக்கம் தங்கச்சி. நடுவுல மாட்டிக்கிட்ட எனக்கு ஒரு கம்பி கிடையாது."

அந்த வாரம் வேனில் பாடம் நடக்கவில்லை. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். ஒரு மாலை, "ஒருவேளை நான்தான் தப்போ தம்பி" என்றார். நான் பன்னில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

வகுப்பில் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏன் கட்டியிருக்காங்கன்னு கேட்டீங்களா? தடுப்பு வேலையைக் கெடுத்தா, ஆளுங்க தடுப்பைத்தான் கழட்டுவாங்க." அதை என்னிடம் சொன்னபோது அக்கா தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "கட்டை அவுக்கத் தெரிஞ்ச எனக்கு அதைக் கேக்கத் தோணல பாருங்க."

முதலாளியிடம் கெஞ்சி, ரோலரில் நாத்தனாருக்குப் பக்கத்தில் நின்று ஊட்டும் வேலையை வாங்கிக்கொண்டார். கம்பியைத் தொடவில்லை. அவருக்கு வேகம் வராது; நாத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பங்கையும் சேர்த்து ஊட்டினார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிழிந்து வரும் பெட்ஷீட்டுகள் முறுக்கிய கயிறாக வந்தன. ஒரு கையால் முறுக்கைப் பிரித்து, மறு கையால் ஊட்ட வேண்டியிருந்தது. அன்றைக்குக் கம்பியில் இடித்ததெல்லாம் அந்த முறுக்குத்தான். முறுக்கு எதனால்? துவைப்பவர் இயந்திரத்தை நெருக்கி அடைப்பதால். ஏன் அடைக்கிறார்? மூட்டைகள் எல்லாம் காலையில் ஒரேயடியாக வந்து குவிவதால். கடைசியில் அந்த 'ஏன்' என் வேனில் வந்து ஏறிக்கொண்டது.

"தம்பி, ஆஸ்பத்திரி மூட்டைய மட்டும் மதியத்துக்கு மேல கொண்டுவர முடியுமா?"

மதியத்துக்கு மேல் நான் வேனுக்குள் கால் நீட்டித் தூங்குகிற நேரம். அதைச் சொன்னேன். "வேனுக்குள்ளயா? ஜன்னலையாவது இறக்கி விடுவீங்களா?" என்று கவலையோடு கேட்டார். இவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்று ஒத்துக்கொண்டேன்.

மூட்டைகள் இரண்டு நடையாக வந்தன. துவைப்பவர் இயந்திரத்துக்குள் கொஞ்சம் இடம் விட்டார். துணியை உதறிப் பிரித்து அடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது முதலாளி கையை விரித்தார். "ஆள் வேணாம், மேசை குடுங்க" என்று அக்கா தானே நின்றார். பட் பட்டென்று அவர் பெட்ஷீட்டுகளை உதறுகிற சத்தம் வாசல்வரை கேட்கும். மடிக்கும் வேலை பின்னால் தேங்கியது. அதற்காகச் சாப்பாட்டு வேளையைச் சுருக்கிக்கொண்டார்.

மாற்றத்தை முதலில் உணர்ந்தவை நாத்தனாரின் கைகள்தான். எடுத்த துணி விரிந்தே வந்தது. முகம் திரும்பாமல் கேட்டார்: "இதை உதறுறது யாரு?"

"நான்தான்."

நாத்தனார் இன்னும் இரண்டு துணியை உள்ளே தள்ளினார். பிறகு, "ஓரம் மேல வர்ற மாதிரி அடுக்குங்க அண்ணி. எடுக்கச் சுலபம்."

அக்கா ஓரம் மேலே வருகிற மாதிரி அடுக்கினார். அவ்வளவுதான் சமாதானம். அன்று மாலை வேனில் பழைய பாடங்கள் அத்தனையும் முதலிலிருந்து ஆரம்பித்தன.

சில நாள் கழித்து, ஒரு காலை, ரோலரில் அந்தக் கிழிசலைக் காணவில்லை. கம்பி தன் இடத்தில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நாத்தனார் சொன்னார்: "நாத்தம் அடிச்சுது. தூக்கிப் போட்டேன்."

டீச்சர் வந்தார், பார்த்தார், ரோலருக்கு முன் நின்று நாத்தனாரிடம்தான் அதிக நேரம் பேசினார். அக்கா தேறினார். முதலாளி சொன்னபடியே சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். அக்கா போய், அது தொங்குகிற ஒற்றை ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதலாளியின் நாற்காலி எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

"இந்தப் படிப்புல ஒரு கஷ்டம் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். "நல்லாப் பண்ணினா ஒண்ணுமே நடக்காது. நடக்காத ஒண்ணைக் காட்டி, பாருங்கன்னு யார்கிட்ட சொல்றது?"

போன வாரம், மதிய மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். ரோலர் திடீரென்று நின்றது. ஆவி அடங்குகிற சத்தத்தில் எல்லோரும் திரும்பினோம். நாத்தனார் வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று உள்ளிருந்து முதலாளியின் குரல்.

"ஒண்ணும் இல்ல. துணியில சுருக்கம்" என்றார் நாத்தனார்.

கம்பிக்கு முன்னால் கிடந்த பெட்ஷீட் கண்ணாடி போல விரிந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது.

அக்கா உதறிக்கொண்டிருந்த துணியை மேசையில் வைத்தார். ஈரத் தரையில் ஓடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம், நடந்தேதான் வந்தார். நாத்தனாரின் கையை வாங்கி, புரட்டிப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடவினார். நாத்தனார் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்கா, பிடித்த கையை விடாமலே, தன் இன்னொரு கையை நீட்டி ரோலரின் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.