முன் சீட்டு

மண்ணூர்பேட்டையில் அந்த வாடகைக்கார் ஓட்டுநரைச் சந்தித்தேன். ஒல்லியான ஆள். வண்டி நின்றால் போதும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். செங்கல் நெற்களஞ்சியம், படிக்கிணறு, குடைவரை என்று யாரும் அதிகம் போகாத ஐந்து இடங்களுக்கு மனைவியோடு போகத் திட்டமிட்டிருந்தேன். சாலை மோசம் என்று இரண்டு ஓட்டுநர்கள் மறுத்துவிட்டார்கள். நான் விவரித்து முடிக்கும்வரை இவரோ துடைப்பதை நிறுத்தவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

“நீங்களும் அம்மாவும்தானே சார்? முன் சீட்டு காலியாத்தானே கீது. எங்க ஊட்டம்மாவ இட்டுகினு வரட்டா? அது முன்னால குந்தினதே இல்ல.”

கிளம்பிய அன்று பட்டுப்புடவையில் முன்னால் உட்கார்ந்த அந்த அம்மாள் எங்களிடம் திரும்பினார். “மொதல்ல களஞ்சியம், அப்பால படிக்கிணறு, கரெக்டா சார்?” ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்தார்.

அந்த மனிதர் அதையெல்லாம் எப்போது காதில் வாங்கினார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.