எழுத்து இருந்த பக்கம்

அன்றைக்கு எண்ணூர் யார்டில் இருந்தது நான்கு பேர். நான். என்னோடு பன்னிரண்டு வருஷமாக வேலை செய்யும் ராயபுரத்துக் கூட்டாளி. எங்கள் ஷெட்டை நடத்தும் அக்கா. கேரவனின் சொந்தக்காரர். ஐந்தாவதாக யாராவது இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேனோ என்று இன்னமும் எண்ணிப் பார்க்கிறேன். இல்லை, நான்கு பேர்தான்.

எங்கள் ஷெட் திருவொற்றியூரில். லாரி கேபின், பஸ் உள்பக்கம், இவைதான் வழக்கமான வேலை. கேரவன் என்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. அடுப்பு, கட்டில், ஜன்னல் எல்லாம் உண்டு. இது அறுபது வருஷத்துக்கு மேல் பழசு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. உள்சுவரில் துணி ஒட்டியிருந்ததாம். துணி மக்கிப் போனதால் கிழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் வெறும் அலுமினியம் பளபளவென்று தெரிய வேண்டும் என்றார் சொந்தக்காரர். வண்டி எண்ணூரில் அவருடைய நண்பரின் யார்டிலேயே நின்றது. எங்கள் சந்துக்குள் அது நுழையாது. பழைய சுவர்ப் பலகைகள் ஆறையும் கழற்றி, "இதே அளவில் புதுசு" என்று ஷெட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஷெட்டில் எனக்கு ரிவெட் அடிக்கிற வேலை. அளவெடுத்து ஷீட்டில் கோடு போடுவது கூட்டாளி. கோடு போடுகிறவன் நிமிர்ந்து நிற்பான்; ரிவெட் அடிக்கிறவன் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடப்பான். கூலியிலும் நாளுக்கு இருநூறு ரூபாய் வித்தியாசம். கூட்டாளிக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது, கண்ணாடி போடவோ மாட்டேன் என்று அடம். அக்கா ஒருநாள் டேப்பை அவன் கையிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

"இந்தா, கேரவன் வேலைக்கு நீ கோடு போடு. நல்லா வந்துச்சுனா இனிமே இது உன்னுது. சொதப்புன, மறுபடி பஸ்ஸுக்கு அடியில போய்ப் படுத்துக்க."

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஒரே அளவை நான்கு தடவை எடுப்பேன், ஐந்தாவது தடவை முதலில் எழுதியதையே சந்தேகப்படுவேன். கூட்டாளிக்கு அது வேடிக்கை.

"இன்னா மாமு, ஷீட்டுக்கு ஜுரம் பாக்குறியா?"

ஐந்து பலகைகளில் பிரச்சினை இல்லை. இந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வைத்தாலும் ஒரே வடிவம். ஆறாவது, பின்சுவர். மேல் மூலையில் ஒரு தோள் மட்டும் வளைந்திருந்தது, ஜன்னல் ஓட்டையும் ஓரமாகத் தள்ளியிருந்தது. அதில் எது முகம், எது முதுகு? பழைய பசையைக் கூட்டாளி தின்னர் போட்டு சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஏதோ எண்கள், யாரோ வெள்ளைக்காரன் எழுத்து. ஒன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எழுதியிருந்தான்.

"எய்திக்கீது பாரு, அதான் பின்பக்கம்," என்றான் கூட்டாளி. "மூஞ்சில எவனாவது எய்துவானா?"

எங்கள் பஸ் வேலையில் அப்படித்தான். புது ஷீட்டில் ஒரு பக்கம்தான் பளபளப்பு; அந்த முகத்தில் கீறல் விழக்கூடாது என்பதற்காக ஷீட்டைக் கவிழ்த்துப் போட்டு முதுகில்தான் கோடு இழுப்போம், முதுகில்தான் எழுதுவோம். ஆனாலும் அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, எண்ணூருக்குப் போய் ஒருவாட்டி வெச்சிப் பாத்துட்டு வந்துர்றேனே."

"கன்டெய்னர் லாரி பூரா ரோட்டுல நிக்குது. போய்ட்டு வர அரை நாளு. யார் குடுப்பா கூலி?"

"போன்லயாவது கேட்டுரலாம்..."

"கஸ்டமர்கிட்டப் போய் எது முன்பக்கம்னு கேப்பியா? தொழில் தெரியாத பசங்கன்னு நெனச்சுக்குவாரு. அறுடா."

அறுத்தேன்.

யார்டுக்கு எடுத்துப் போய் மாட்டியபோது ஐந்து பலகைகளும் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தன. சொந்தக்காரர் போன் பேசிக்கொண்டு வெளியே போனார். அந்த நேரத்தில் ஆறாவதைத் தூக்கினோம். வண்டியின் வளைவு இடப்பக்கம். என் பலகையின் வளைவு வலப்பக்கம். ஜன்னல் ஓட்டை வழியாக வண்டியின் தகரம் தெரிந்தது. எழுத்து இருந்த பக்கம்தான் முகம் என்று அப்போதுதான் உறைத்தது. துணி ஒட்டப் போகிற சுவருக்கு முகத்திலேயே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? துணியைப் பற்றிச் சொந்தக்காரர் முதல் நாளே சொன்னார். நான் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கூட்டாளி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"திருப்பு மாமு."

மடிப்பு இல்லாத தட்டைப் பலகை, திருப்பினால் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் பளபளப்பு சுவரைப் பார்த்துப் போய்விட்டது. வெளியே மங்கல் பக்கமும் கோடு போட்ட என் ஊசிக் கீறல்களும். அக்கா எட்டிப் பார்த்தார். முகம் இறுகியது. பிறகு மெதுவாக, "உள்ள இருட்டுதான், தெரியாது. நாலு ரிவெட்ட அடிச்சு உடு," என்றார். அடித்தேன். அந்த வேலை மட்டும் எனக்கு நடுங்காமல் வரும்.

சொந்தக்காரர் உள்ளே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். "அடடா, நான் நினைச்சதைவிட நல்லா வந்திருக்கே. யார் அளவெடுத்தது?"

அக்கா என்னைக் கை காட்டினார். அவர் என் தோளில் தட்டினார்.

அந்தத் தட்டல்தான் வினை. என்றைக்காவது வெயிலில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிப்பார், கீறலைப் பார்ப்பார், இந்தத் தோளை நினைத்துக்கொள்வார் என்று ஒரே கணத்தில் என்னென்னவோ ஓடியது. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம். அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக என்னால் முடியாது.

"சார், இது மாறிப் போச்சு சார். பின்பக்கம் வெளிய கீது."

கூட்டாளி ஜன்னல் ஓட்டை வழியாக எதையோ ரொம்பக் கவனமாகப் பார்த்தான். சொந்தக்காரர் குனிந்து பார்த்தார், கோபப்படவில்லை. "அப்போ வேற போட்டுக் குடுத்துருங்க," என்றார், கடையில் சட்டை மாற்றுகிற மாதிரி.

திரும்பும் வழியில் குட்டி யானை டெம்போவில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தோம். காத்திவாக்கம் தாண்டியதும் அக்கா ஆரம்பித்தார்.

"அந்தாளு பாத்துகினாரா? கேட்டாரா? இன்னாத்துக்கு நீயா போய்ச் சொன்ன?"

"தெரில அக்கா. வந்துருச்சு."

"வாந்தி மாரி வந்துச்சு," என்றான் கூட்டாளி.

மறுபடி ரிவெட்தான் என்று முடிவு செய்து, மறுநாள் நானே டேப்பை அவர் மேஜையில் வைத்தேன். அக்கா அதை என் பக்கமே தள்ளினார்.

"எடு. அவன் கோடு போட்டு மாறுனா எனக்குத் தெரியவே தெரியாது. நீ போட்டா நீயே ஒளறிடுவ. ஆனா ஷீட்டு காசு உன் கணக்கு, அதுல பேச்சே கெடையாது."

புது ஷீட்டையும் பழைய பலகையையும் எடுத்துக்கொண்டு எண்ணூர் போய், வண்டியிலேயே வைத்துப் பார்த்து, அங்கேயே கோடு போட்டேன். லாரிகளுக்கு நடுவில் அரை நாள் போனது. அந்த அரை நாள் கூலியைப் பற்றி அக்கா கேட்கவில்லை.

மாறிப்போன பலகை இப்போது எங்கள் வீட்டு அடுப்புக்குப் பின்னால் நிற்கிறது, பளபளப்பு வெளியே. எண்ணெய் தெறித்தால் என் மனைவி ஒரு துணியால் துடைத்துவிடுகிறாள். ஜன்னல் ஓட்டையில் சுவரின் பச்சைச் சுண்ணாம்பு தெரிகிறது. ஷீட்டுக்கு ஆறாயிரத்து முந்நூறு. வாரம் அறுநூறு பிடிக்கிறார். நான்கு வாரம் ஆகிவிட்டது. பாக்கி மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.