உட்கார மறுத்த நோயாளி

திண்டிவனத்தில் நான் ஏறியபோது பஸ்ஸில் பாதி சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் பின்படிக்கட்டுப் பக்கம் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கெடார் ஊர்க்காரி காமாட்சி. கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவள். அப்போது நான் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு ஸ்டாஃப் நர்ஸ்; போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன்.

“உக்காரு காமாட்சி. ஆபரேஷன் ஆன உடம்பு.”

“இருக்கட்டும் சிஸ்டர். நின்னுக்கினே வர்றேன்.”

கண்டக்டரும் சொல்லிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் போனதும் மூத்திர வாடை தெரிந்தது. அதற்குமேல் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரத்தில் இறங்கியதும் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

“ஒன்னுக்கு சொட்டிக்கினே இருக்குது சிஸ்டர். துணி வெச்சி வெச்சி தொடையெல்லாம் வெந்துபோச்சி. தண்ணி குடிக்கிறதையே வுட்டுட்டேன்.”

“செக்கப்புக்கு வந்தப்ப ஏன் சொல்லல?”

“கர்ப்பப்பைய எடுத்தா அப்படித்தான் இருக்கும்னு ஊர்ல சொன்னாங்க. டாக்டரம்மாவச் சுத்தி அத்தினி பேரு நின்னுக்கினு இருந்தாங்க. எப்படிச் சொல்றது?”

அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப்போனேன். பிறப்புறுப்பில் பஞ்சு வைத்து, டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் நீலச் சாயம் கலந்த தண்ணீரை விட்டார். வெளியே எடுத்த பஞ்சு நீலமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தது. ஃபிஸ்டுலா என்போம். அபூர்வமாகத்தான் வரும்.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். “ஆபரேஷன்ல பட்ட காயம்மா இது. உன் மேல தப்பில்ல. தைச்சிடலாம்.”

“தைக்கலாமா?” என்றவள் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். ஆயுசுக்கும் இப்படியே என்று நினைத்திருந்தாள்.

ஓட்டை தானாக மூடுமா என்று, மூத்திரம் வடிய டியூப் போட்டுச் சில வாரம் பார்த்தோம். மூடவில்லை. புண் ஆறட்டும் என்று காத்திருந்து, பிறகு யூராலஜி டாக்டர் தைத்தார். மறுபடி டியூப். பிறகு அதையும் எடுத்தோம். அவளை நடக்கச் சொன்னேன், இருமச் சொன்னேன். வேறு கட்டிலுக்கு ஊசி போடப் போன நான் பாதியில் திரும்பி வந்து அவள் புடவையைப் பார்த்தேன்.

“நீங்க எதுக்கு சிஸ்டர் பேஜாராவுறீங்க?” என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல்.

“துணி காஞ்சே இருக்குது சிஸ்டர்!”

செக்கப்புக்கு வருகிறவர்களிடம் “எல்லாம் நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதில்லை. திரையை இழுத்துவிட்டு, “துணி நனையுதா? அடக்க முடியுதா? போறதுக்குக் கஷ்டமா இருக்கா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். சில பெண்கள் மட்டும், திரை முழுசாக மூடியிருக்கிறதா என்று முதலில் திரும்பிப் பார்ப்பார்கள்.