நீலமானால் ஆபத்து

பாக்டீரியா வளர்ப்பதும் மாடு வளர்ப்பதும் ஒன்று. இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. எண்பதுகளில் மதுரைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவனாக இருந்தேன். லீவு நாளில் தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நின்று காய்ந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நாலு வருட வேலை

டி.என்.ஏ. சேதமானால் அதைப் பழுதுபார்க்கும் ஜீன்களை பாக்டீரியா தானே எழுப்பிவிடும். அதோடு நீலநிறம் தரும் ஜீன் ஒன்றை இணைத்தேன். டி.என்.ஏ.வைக் கெடுக்கும் பொருள் பட்டால் பாக்டீரியா வளரும் தட்டில் நீலம், இல்லாவிட்டால் வெள்ளை. இதற்கே நாலு வருடம் போனது. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ராஜாராம் அண்ணன் சேலைக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை சிவப்பு. விஷயம் கேட்டதும் ஒரு பாட்டிலை நீட்டினார்.

"எஞ் சாயத்தப் பாருங்க தம்பி. எம் பயலையும் இந்தத் தொழில்ல விடலாமான்னு தெரிஞ்சுக்கிர்றேன்."

தண்ணீருக்கும் நீலம்

முதலில் வெறும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அது வெள்ளையாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்க நீலம். "தண்ணிக்கே அலறுறத நம்பி அந்த மனுசன்கிட்ட என்னத்தச் சொல்லுவ? கொளுத்திரு" என்றார் பேராசிரியர். தட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அட்டெண்டர் பாண்டி அண்ணன் மெல்ல வாயைத் திறந்தார்.

"தட்டு ஈரமா இருந்துச்சு சார். மூடியத் தொறந்து, வத்தல் மாதிரி மொட்டமாடி வெயில்ல செத்த நேரம் காயவச்சேன்."

பாதித் தட்டு

வெயிலும் டி.என்.ஏ.வைக் கெடுக்கும்! இன்னொரு தட்டில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி மாடியில் வைத்தோம். மறுநாள் மூடிய பாதி வெள்ளை, வெயில் பட்ட பாதி நீலம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மதுரை வெயிலைத் திட்டாத நாளில்லை. அது ஓர் உயிருக்குள் போய் அடித்த இடத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். பேராசிரியருக்குத் தட்டைக் கீழே வைக்க மனசே இல்லை.

"பொய் சொல்லலடா இது. பட்ட அடியத்தான் சொல்லியிருக்கு!"

சிவப்புப் பொட்டு

இந்த முறை எல்லாம் அறைக்குள்ளேயே. தண்ணீர் வெள்ளை. ராஜாராம் அண்ணனின் சாயம் வைத்த இடத்திலோ, சிவப்புப் பொட்டைச் சுற்றி நீல வளையம். அழகாக இருந்தது, அப்படி நினைத்ததற்கே கூச்சமாக இருந்தது. பாக்டீரியாவுக்கு ஆனது மனிதனுக்கும் ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது, இது எச்சரிக்கைதான் என்று அவரிடம் விளக்கினேன். தட்டையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பயலப் படிக்கவே விட்ருறேன் தம்பி. எனக்குள்ள எம்புட்டு நீலம்னு யாரு பாத்துச் சொல்லுவா?"

நாலு வருடம் பாடுபட்டு ஒரு பாக்டீரியாவைப் பேசவைத்த என்னால், ஆராய்ச்சிக்கூடத்து ரப்பர் கையுறை ஒரு ஜோடியைத்தான் அவரிடம் நீட்ட முடிந்தது.