நான் குடுத்த தடிமன் குளிசை

2007ஆம் ஆண்டு குளிர்காலம். லண்டன் மோர்டனில எங்கட வீட்டு மேலறையில ஒரு சேர்பிய நாட்டுப் பெடியன் இருந்தவன். இருபது வயசு. உதைபந்தாட்டத்தில நடுக்களத்தில விளையாடுறவன். அவன்ர கிளப்தான் தங்கவைக்கச் சொல்லி எங்களிட்டக் கொண்டுவந்து விட்டது. ஒரு வருசமா மைதானத்துக்கு வெளியில மாற்று ஆட்டக்காரரின்ர வாங்கிலயே குந்தியிருந்தவனை, அந்தச் சனிக்கிழமை முதல் தடவையா இறக்கப் போகினமாம்.

அண்டைக்குக் காலமை பாத்தால் மூக்கு ஒழுகுது, இருமல் வேற. எனக்கு மனம் கேக்கேல்லை. கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன். அதோட நிண்டிருக்கலாம். என்ர கை சும்மா இருக்குமே? கொழும்பிலயிருந்து தங்கச்சி குடுத்துவிட்ட சளிக்கு விழுங்குற தடிமன் குளிசையில ஒண்டை எடுத்து நீட்டினன். எங்கட ஆக்களின்ர வழக்கம் தெரியுந்தானே, பெட்டியை எறிஞ்சுபோட்டு, அட்டையைத் துண்டு துண்டா வெட்டி உடுப்புக்குள்ள செருகி அனுப்புறது. மருந்தின்ர பேரும் இல்லை, ஊரும் இல்லை. "தாங்க்யூ அன்ரி" எண்டு வாங்கிக்கொண்டு அவன் படியேறிப் போனான்.

பின்னேரம் சிரிச்சுக்கொண்டு வந்தான். நல்லா விளையாடினானாம். ஆட்டம் முடிய, ஊக்கமருந்துச் சோதனைக்கு சீட்டில அவன்ர பேர் விழுந்து, சிறுநீர் எடுத்தவையாம்.

அவன் மேல போனாப்பிறகு என்ர மனுசன் சொன்னார், "இஞ்சை பாருமப்பா, வெறும் தடிமன் குளிசையாலயே ஆக்கள் மாட்டுப்பட்டிருக்கினம், சிலதில தடைசெய்த மருந்து கலந்திருக்குமாம். பிறகு வருசக்கணக்கா விளையாட ஏலாது." நான் குடுத்தது அவருக்குத் தெரியாது.

தங்கச்சிக்குப் போன் அடிச்சு, அது என்ன குளிசையெண்டு கேட்டன். "ஆருக்கக்கா தெரியும், கடைக்காரன் தந்தது" எண்டாள்.

போன் மணி அடிச்சால் கிளப்பிலயிருந்தோ எண்டு ஓடிப்போய் எடுப்பன். அவனிட்டச் சொன்னால் கிளப் டொக்டரிட்டயாவது போய்ச் சொல்லுவான். எனக்கு வாய் வரேல்லை. உண்மையைச் சொல்லுறன், அவனை நினைச்சு மட்டும் பயப்பிடேல்லை. என்னை ஏசுவினம் எண்டும் பயம்.

செவ்வாய்க்கிழமை ஏலாக்கட்டத்தில அவனிட்டச் சொல்லி அழுதுபோட்டன். அவன் மேல போய், ஒரு தேயிலை டின்னைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளுக்கு அந்தக் குளிசை! அது மட்டுமே? ஒரு வருசமா தலையிடிக்கு, காய்ச்சலுக்கு, வயித்துக்குத்துக்கு எண்டு நான் குடுத்த அவ்வளவும் அப்பிடியே கிடக்குது.

"டொக்டர் தாறதைத் தவிர ஒண்டும் விழுங்காதை எண்டு சின்னனிலயே கோச் சொன்னவர். ஆனா நீங்கள் ஆசையாத் தரேக்க எப்பிடி அன்ரி வேண்டாமெண்டு சொல்லுறது?" எண்டு இங்கிலீசில சொன்னான். கொத்தமல்லித் தண்ணி மட்டும் உண்மையாக் குடிச்சவனாம்.

பிறகு அவன் மூண்டு நாலு நாடுகளில விளையாடி, இப்ப தன்ர ஊரில பிள்ளையளுக்குப் பந்தாட்டம் பழக்கிறான். தடிமன் வந்தால் எனக்குப் போன் எடுத்துக் கொத்தமல்லி எத்தினை கரண்டி எண்டு கேப்பான். நானும் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுறனான். யோசிக்காமல் குளிசையை நீட்டின கையை நான் எப்பவோ மன்னிச்சிட்டன். மூண்டு நாள் மூடிக்கிடந்த வாயைத்தான் இண்டைவரைக்கும் மன்னிக்க ஏலாமல் கிடக்குது.